எண்ணெய் துடைத்த கதவு

ஆவடி சேக்காட்டில், ஜெபவீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அந்த வேன் நின்றிருந்தது. பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், ஸ்டவ் மேடை, தண்ணீர்த் தொட்டி என்று வைத்து வீடாக்கியிருந்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் நடத்தும் பாஸ்டர் பால்ராஜின் வண்டி. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மே மாத மத்தியானத்தில் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு அருள்தாஸும், ஐந்து மாத வயிற்றைச் சுமந்துகொண்டு சாராளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவன் புது டிரைவர், அவள் சமையலுக்கு. பாஸ்டர் போகிற ஊர்களில் விசுவாசிகள் வீட்டில் தங்கிக்கொள்வார். வேன் இவர்களுக்குத்தான்.

"எல்லாரும் ஊட்டுக்குப் போவாங்க. நம்ம ஊடு நம்மளயே இட்டுக்கினு போவும்" என்று சாராள் சிரித்தாள்.

முகப்பேரில் அவள் அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒரு புடவைத் திரைக்குப் பின்னால்தான் அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் நடத்தினார்கள். இந்த வேலை போனால் பிள்ளை அந்தத் திரைக்குப் பின்னால்தான் பிறக்கும். பாஸ்டரின் சபையில் பெண்கள் நகை, அலங்காரம் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. சாராள் தன் கண்ணாடி வளையல்களை அண்ணியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, மொட்டைக் கையோடு வந்திருந்தாள்.

முதல் ஓட்டத்தில் திருமுல்லைவாயில் தாண்டி வண்டி வேகமெடுத்ததும் அந்தச் சத்தம் கிளம்பியது.

பக்கவாட்டுக் கதவிலிருந்து வந்தது. மெல்லிய சீழ்க்கையாகத் தொடங்கி, வேகம் கூடக் கூட உயர்ந்து, கடைசியில் தொண்டை கிழிகிற அலறலாக ஆனது. வேகம் குறைந்ததும் விம்மி விம்மி அடங்கியது.

"இன்னாங்க இது, பொம்பள அழுவுற மாரி கீது?" சாராள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இதுல நான் எப்டி பட்த்துத் தூங்குவேன்?"

"காத்து சத்தம்தாம்மா" என்றார் கூட வந்திருந்த பாஸ்டர். அவர் கதவைவிட்டுத் தள்ளி உட்கார்ந்ததை அருள்தாஸ் கண்ணாடியில் பார்த்தான். "கதவுல சந்து இருக்கு. ஞாயித்துக்கிழமை ஊழியத்துக்குக் கிளம்பணும் தம்பி. அதுக்குள்ள சரி பண்ணிடு. பண்ண முடியலைன்னா வேற டிரைவர் பார்த்துக்கறேன்."

இறங்கியதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்தார். ஜெபம் முணுமுணுத்தபடி கதவு நிலையைச் சுற்றி எண்ணெய் பூசினார். "என்ன வேணா செய். தினம் காலையில இதை மட்டும் பூசிடணும். மறக்கவே கூடாது" என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கோவிந்தன் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தான். அருள்தாஸுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதம். வேனைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"இத்தையா ஓட்டுற மாமே? பாஸ்டரு சம்சாரம் ஞானகுமாரி இந்தக் கதவாண்டதான் செத்துச்சு. வண்டி கெளம்பறச்சே ஓடியாந்து ஏறப் பாத்து வுயுந்துட்டாங்கன்னு அவருதான் சொன்னாரு. அன்னிக்கு டிரைவரு வரல, அவரேதான் ஓட்டிக்கினு இருந்தாரு. பழைய டிரைவரு அதோட நின்னுட்டான்."

அருள்தாஸ் எதையும் ஒரு தடவை செய்துவிட்டு விடுகிறவன் அல்ல. பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்ப்பான். தான் செய்தது சரியா என்று அவனுக்கு எப்போதும் சந்தேகம். கதவு நிலையைச் சுற்றிக் காற்று புகாமல் ஒட்டியிருந்த ரப்பர்ப் பட்டையில், அதாவது பீடிங்கில், சாக்பீஸ் தூளைத் தடவினான். கதவைச் சாத்தித் திறந்தால், ரப்பர் அழுந்துகிற இடமெல்லாம் கதவில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடம்தான் சந்து.

கைப்பிடிக்குப் பக்கத்தில் கோடு அறுந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நான்கு இடைவெளி.

தூளைத் துடைத்துவிட்டு மறுபடி செய்தான். அதே நான்கு. தன் விரல்களை வைத்துப் பார்த்தான். அவன் விரலைவிடக் கொஞ்சம் சிறியவை.

அடுத்தது ரப்பர் குழாய். கோவிந்தன் வண்டியை ஷெட் வாசலில் மேலும் கீழும் ஓட்ட, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கதவோரம் நகர்த்தினால் காற்று நுழைகிற இடம் தெரியும். கூடவே வந்திருந்த சாராள் விளையாட்டாகக் குழாயைப் பிடுங்கித் தன் வயிற்றில் வைத்தாள்.

"ஒங்க புள்ள இன்னா சொல்லுதுன்னு கேளுங்களேன்."

டுப், டுப் என்றது. அது பிள்ளையா, சாராளின் நாடியா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கண் கலங்கியது.

பிறகு அவள் குழாயைத் தன் காதில் வைத்து, முனையை அந்த நான்கு சந்துகளில் நீட்டினாள். அவள் சிரிப்பு நின்றது.

"காத்து இல்லீங்க."

"பின்ன?"

"'தெறங்க, கை, கை'ன்னுது."

அருள்தாஸ் குழாயைப் பிடுங்கிக் கேட்டான். வெறும் காற்றுதான். அவளுக்குப் பயத்தில் தோன்றியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பழைய பீடிங்கை உரித்தான். எண்ணெயில் ஊறி அது வெந்த குடல்போல் கொழகொழத்தது. இதுதான் காரணம், எண்ணெய் பட்டால் ரப்பர் அழுகும். நான்கு சந்துகள் இருந்த இடத்தில் உள்பக்கம் ஏதோ உறுத்தியது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான்.

ஒரு முழு நகம் வந்தது. வேரோடு. அதில் சிவப்பு கியூடெக்ஸ் நகப்பூச்சு இன்னும் பளபளத்தது.

"தூக்கிப் போட்டுட்டு, புச்சா ரப்பரு மாட்டிக்கினு போய்க்கினே இரு" என்றான் கோவிந்தன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எண்ணெயைத் துடைப்பதா வேண்டாமா என்று அருள்தாஸ் வெகுநேரம் நின்றான். எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது. மறுபடி பூசினால் புது ரப்பரும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்றாரே பாஸ்டர். சாராளின் முகப்பேர்த் திரையை நினைத்துக்கொண்டான். பெட்ரோல் நனைத்த துணியால் நிலையை மூலை முடுக்கெல்லாம் தேய்த்துத் துடைத்தான். பெயிண்ட் பளிச்சிட்டது. புது பீடிங்கை ஒட்டினான். சாக்பீஸ் கோடு எங்கும் அறுபடாமல் விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்க்கப் பாஸ்டரும் வந்தார். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் ஏறினார்கள். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து காற்று முரட்டுத்தனமாக அடித்தது. பாஸ்டர் கதவோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாராள் கட்டிலில்.

வேகம் கூடியது. சத்தமில்லை.

இன்னும் மிதித்தான். ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் சிரித்தார். சிரித்த வாயோடு மூக்கை உறிஞ்சினார். "எண்ணெய் வாசனையே இல்லையே, தம்பி?"

"தொடச்சிட்டேன் ஐயா. ரப்பர் கெட்டுடும்."

கண்ணாடியில் பாஸ்டரின் முகம் சாம்பலானது.

"நிறுத்து. வண்டியை நிறுத்து!"

பிரேக்கை மிதித்தான். கட்டை போல் இறுகியிருந்தது. பாதம் வலிக்க மிதித்தும் வண்டி பறந்தது.

சாராள் எழுந்து நின்றாள்.

"கியூடெக்ஸ் வச்ச கை ஊழியத்துக்கு ஆவாதுன்னு எறக்கி வுட்டீங்களே" என்றாள். குரல் அவளுடையது அல்ல. "ஏறிக்கிறேன், ஏறிக்கிறேன்னு கெஞ்சனேனே. கையி உள்ள மாட்டிக்கினு கீறச்சே வண்டியை எடுத்தீங்களே."

"ஞானம்... தெரியாம... சத்தியமா தெரியாம..."

"கத்தனேனே. காதுல வியலியா?"

எதிர்க்காற்றை மீறிக் கதவு விரியத் திறந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பாஸ்டரின் கால்கள் வெளியே இழுபட்டன. ஒற்றைக் கையால் நிலையைப் பிடித்துத் தொங்கினார். வேட்டி காற்றில் படபடத்தது.

கதவு சாத்திக்கொண்டது.

எலும்பு நொறுங்கியது டிரைவர் சீட்டு வரை கேட்டது.

திறந்தது. சாத்தியது. மறுபடி திறந்தது, மறுபடி சாத்தியது. புது ரப்பரில் ரத்தம் வழிந்தது. வெளியே பாஸ்டரின் கால்கள் தாரில் உரசிக் கிழிந்தன. அவர் அலறல் சீழ்க்கையாக உயர்ந்தது. அருள்தாஸுக்கு நன்றாகத் தெரிந்த அதே அலறல். பிறகு பொத்தென்று ஏதோ விழுந்து பின்னால் உருண்டது.

பிரேக் தானாகப் பிடித்தது.

அவன் ஓடிவந்து பார்த்தான். கதவு இம்மி சந்தில்லாமல் மூடியிருந்தது. படியில் நான்கு விரல்கள் கிடந்தன. சாராள் கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியபோது அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

போலீஸ் கேட்டபோது, "ஓடுற வண்டியில கதவைத் தெறந்து, தவறி வுயுந்துட்டாரு சார்" என்றான். மனைவி சாவுக்குப் பாஸ்டர் சொன்னதைப் போன்ற பொய் தன் வாயிலிருந்து வருவதை அவனே கேட்டான்.

வீடாகியிருக்க வேண்டிய வேன் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க, அவர்கள் முகப்பேர்த் திரைக்குப் பின்னால் திரும்பிப் போனார்கள். போகட்டும், பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும் என்று அருள்தாஸ் நினைத்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு பகலில், சாராள் ஒருக்களித்துத் தூங்கும்போது, பையிலிருந்த ரப்பர் குழாயை எடுத்து அவள் வயிற்றில் மெல்ல வைத்துக் காதைக் கொடுத்தான்.

டுப், டுப். அவனுக்கு மூச்சு வந்தது.

சரியாகக் கேட்டோமா என்ற சந்தேகம். எடுத்து மறுபடி வைத்தான்.

மெல்லிய சீழ்க்கை. அது உயரத் தொடங்கியது.

வயிற்றின் தோலுக்கு அடியில், பக்கத்துப் பக்கத்தில் நான்கு புடைப்புகள் எழும்பி, மெல்லக் கீறிக்கொண்டு நகர்ந்தன.