காய்ந்த நடு

காலையில் முதல் வேலை பிசின் ஊட்டுவது. குவிமாட அச்சின்மேல் இழைத்துணியை அடுக்கி, வெற்றிடப் பையால் மூடிக் காற்றை உறிஞ்சினால், ஒரு முனையில் விட்ட பிசின் துணிக்குள் ஊறி மறுமுனைக்குப் போகும். இறுகியதும் அது கடலடியில் ஒரு குடும்பம் வாழும் ஆழ்வீடு. தூத்துக்குடியில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு பலருக்கு வீடு என்றால் இதுதான்.

ஊட்டல் பொறியாளர் உலகம்மாளுக்கு மேலாளர் குணசீலனைக் கண்டாலே எரிச்சல். துணியை மிச்சம் பிடிக்க, ஓரத்தில் இரண்டு விரற்கடை குறைத்து வெட்டச் சொன்ன மேதை அவர். சும்மா கிடக்கும் சந்து கிடைத்தால் பிசின் ஏன் துணிக்குள் முக்கி முனகிப் போகும்? ஓரமாகவே ஓடி மறுமுனையைத் தொட்டுவிட்டது. நடுவில் காற்று சிக்கிக்கொண்டது. மறுமுனை உணரி நனைந்ததும் திரையில் 'நிறைந்தது' என்று வந்தது. குணசீலன் கைதட்டினார். அவருக்குத் திரை சொன்னால் போதும்.

இறுகிய குவிமாட ஓட்டினை உலகம்மாள் நாணயத்தால் தட்டினாள். எங்கும் கணீரென்றது, நடுவில் மட்டும் பொத்தென்றது.

"நடுவுல காஞ்சு கெடக்கு சார். கடலுக்குள்ள எறக்குனா ஒடஞ்சிரும்."

"உறுதியாளன் ரேகை வச்சா முடிஞ்சுது. சட்டம் அதுதான?"

சட்டம் அதுதான். வீடு சரியென்று ஒப்புதல் தருபவரே முதல் வருடம் அதில் குடியிருக்க வேண்டும். பொறியாளர்களுக்குப் பொறுப்பு வரட்டும் என்று எழுதியது. அவர்களோ மறுவாரமே, தங்களுக்குப் பதிலாக ஒப்புதல் தந்து குடியிருக்க, வீடில்லாதவர்களை 'உறுதியாளன்' என்று பிடித்துவிட்டார்கள். மூளை இதற்கென்றால் நன்றாக வேலை செய்யும்.

இன்றைய உறுதியாளன் லூர்து, மனைவியும் கைக்குழந்தையும் பாய்க்கட்டுமாக வந்தான். ஓட்டினை ஏறிட்டும் பார்க்காமல் ரேகைத்தகட்டுக்குக் கையை நீட்டினான். இப்படியும் ஒரு ஜென்மமா என்று உலகம்மாளுக்குத் தோன்றியது.

"புள்ளைய வச்சிருக்கீயே, ஒரு தட்டு தட்டிப் பாக்க மாட்டியா?"

"தட்டுனா தெரிஞ்சிரும்லா மேடம்," என்றான் லூர்து. "தெரிஞ்சிட்டா உள்ள எப்படித் தூங்க?"

அவள் துளைப்பானை எடுத்து ஓட்டின் நடுவில் வைத்து அழுத்தினாள். குணசீலன் ஓடி வருவதற்குள் ஓடு பொத்துக்கொண்டது. பிசின் படாத இழை வெள்ளைவெளேரென்று பிதுங்கியது.

"உங்க திரைய இப்ப சொல்லச் சொல்லுங்க," என்றாள் அவரிடம். அவ்வளவு திருப்தி அவளுக்கு வெகுநாளாகக் கிடைத்ததில்லை.

லூர்து துளையைப் பார்த்தான். பாய்க்கட்டைக் கீழே வைத்தான்.

"சரி மேடம். குடியிருந்த படகையும் காலி பண்ணிக் குடுத்துட்டு வந்தோம். இப்ப எங்க போவ?"

உலகம்மாளுக்குத் தரையில் மூன்று அறை வீடு. இருப்பது அவள் ஒருத்திதான். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. வராதது வெட்கமாக இருந்தது. குனிந்து துளைப்பானின் வயரைச் சுற்றத் தொடங்கினாள்.