பேட்டரி இல்லாத வண்டி

வண்டியை ஒரு வாரமாக யாரும் தொடவில்லை. ஆனாலும் பேட்டரி முனையில் கேபிளைக் கவ்வியிருந்த கிளாம்பு சுட்டது.

தங்கை விரலை உதறிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் வண்டி ஒயரிங் பார்ப்பவள் அவள். கிளாம்பு தளர்ந்திருந்தால் மின்சாரம் அங்கே முட்டி மோதிச் சூடாக்கும், சரிதான். ஆனால் சாவி அவள் பையில் அல்லவா இருக்கிறது? மழை தகரக்கூரையில் ஓயாமல் பொரிந்துகொண்டிருக்க, டீசல் வாடைக்கு நடுவே எங்கிருந்தோ கிராம்பு மணம் மெல்லக் கசிந்தது. பல்வலிக்காக அண்ணன் எப்போதும் கிராம்பு மென்றுகொண்டிருப்பான். இந்த பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியேதான் போன வாரம் செத்தும் போனான்.

“வித்துத் தொலைச்சிடலாம்மா,” என்றாள் அண்ணி, ஷெட் வாசலில் நின்றபடி. “வேற கை பட்டா என் வண்டி கோச்சுக்கும்னு சொல்லிட்டே இருப்பாரு.”

“கோச்சுக்கட்டும். விடிஞ்சா பால் கேன் ஏத்தலைன்னா அந்த வேலை வேறாளுக்குப் போயிடும். அப்புறம் நீங்களும் பிள்ளைங்களும் காத்தையா குடிப்பீங்க? பேயா இருந்தாலும் அண்ணி, ஒயர் வழியாத்தான் வந்தாகணும்.”

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே சோதனை பல்பை மாட்டினாள். வண்டியில் எதுவும் மின்சாரத்தை உறிஞ்சவில்லை என்றால் பல்பு எரியாது. எரிந்தது. இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது அணைகிறதோ, அந்த வழியில்தான் திருடன். ஹாரன், விளக்கு, வைப்பர், எல்லாம் பிடுங்கியாயிற்று. அணையவில்லை. ஃபியூஸில் சேராத ஆல்டர்னேட்டர் ஒயரையும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிளையும் கழற்றினாள். பல்பு மங்கி, தெளிந்து, மங்கியது. மூச்சு விடுவதுபோல.

கேபினில் சீட்டு ஸ்பிரிங் முனகியது.

அவள் பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தாள். பல்பு அணைந்தது.

“இப்ப எது வழியா வருவே?”

இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

அண்ணி அலறினாள். தங்கை ஓடவில்லை. டீசல் இன்ஜினுக்குப் பொறி வேண்டாம். ஓடத் தொடங்கிவிட்டால் டீசலும் காற்றும் போதும். காற்றை அடைத்தால் சாகும். காற்றுக்குழாயை ஃபில்டரிலிருந்து பிய்த்து, அதன் வாயை உள்ளங்கையால் அடைத்தாள். உறிஞ்சியது. தோலே கழன்றுவிடும்போல. இன்ஜின் திணறியது. குலுங்கியது. நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

அந்தக் குழாய் இழுக்கத்தான் செய்யும். ஊதாது. இப்போது அவள் உள்ளங்கையில் ஊதியது. வெதுவெதுப்பாக. கிராம்பு மணத்தோடு.

“நாளைக்கு நான்தான் ஓட்டுவேன், அண்ணா.”

கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

குழாய்க்குள்ளிருந்து கிரீஸ் படிந்த விரல்கள், ஒவ்வொன்றாக, அவள் விரலிடுக்குகளில் நுழைந்து கோத்துக்கொண்டன.