இந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

குண்டூசியின் உண்மையான பெயர் வேறு. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால் அப்பா வைத்த பட்டப்பெயர் அது. வீட்டிலும் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வருடம் குண்டூசி ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அம்மாவும் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தார். அது மாலையில் நடக்கும் பொறியியல் வரைபட வகுப்பு.

அம்மாவுக்கு இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. செய்து முடித்த பாகங்களைப் பெட்டியில் அடுக்குவார். பக்கத்து அறையில் சிலர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, பாகம் சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஒருநாள் அந்த அறையில் தானும் உட்கார வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதற்கு வரைபடம் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா கோடு போடுவதைப் பார்க்கக் குண்டூசிக்கு அலுக்கவே அலுக்காது. முதலில் பலகையைத் துணியால் துடைப்பார். தாளை மூலைக்கு மூலை ஒட்டுவார். பென்சிலை ஊசிபோலச் சீவுவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, பென்சிலை விரல்களுக்குள் மெல்ல உருட்டியபடியே இழுப்பார்.

"ஏம்மா உருட்டுற?"

"அப்பத்தான் முனை ஒரே பக்கமா தேயாது. கோடு ஆரம்பத்துல எப்படி இருக்கோ, கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும்."

குண்டூசியும் உருட்டிப் பார்த்தாள். அவள் போட்ட கோடு பாதி வழியில் மயக்கம் போட்டு விழுந்தது. அம்மாவின் கோடோ இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராக நின்றது.

ஒரு சனிக்கிழமை அம்மா வகுப்பிலிருந்து வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. வரைந்த தாளை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

குண்டூசி தாளை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஆசிரியையின் கையெழுத்து: 'இந்தக் கோடு எங்கிருந்து வந்தது?'

"என்னம்மா கணக்கு இது?"

"ஒரு பொருளை முன்னாடியிருந்து பாத்தா எப்படி இருக்கும், மேலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும், பக்கத்துலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும்னு மூணு படம் குடுப்பாங்க. மூணையும் சேத்து அந்தப் பொருளை நாம முழுசா வரையணும்."

முன்பக்கப் படம் இரண்டே படி உள்ள படிக்கட்டு போல இருந்தது. மேலிருந்து பார்த்த படம் ஒரு கட்டம், அதன் நடுவே ஒரு கோடு. பக்கத்துப் படமும் அப்படியே. ஆனால் அம்மா வரைந்திருந்தது ஒரு தட்டையான பெட்டி. அதன் மேல் யாரோ கீறிவிட்டது போல ஒரு கோடு.

"கூடப் படிக்கிறதெல்லாம் சின்னப் பசங்க. பாத்தவுடனே போட்டுடுறாங்க. எனக்கு மூணும் மூணு வேற சாமானாத் தெரியுது. வெள்ளிக்கிழமை பரீட்சை வேற. பேசாம நின்னுடலாம்னு பாக்குறேன்."

குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு அழகாகக் கோடு போடும் அம்மா நின்றுவிடுவதா?

"மூணும் ஒரே சாமான்தானே?"

"அப்படித்தான் சொல்றாங்க. என் கண்ணுக்குத் தெரியணுமே!"

"கண்ணுக்குத் தெரிஞ்சா போதுமா? இரு, வரேன்!"

அவள் கொல்லைப் பக்கம் ஓடிப்போய்ப் புதுத் துணி சோப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். கூர் இல்லாத மொட்டைக் கத்தியால் அதை இரண்டாக வெட்டினாள். சீவும்போது முதல் துண்டு உடைந்து போனது. இரண்டாவது துண்டின் மேற்பகுதியில் ஒரு பாதியை மட்டும் சீவி எடுத்தாள். சோப்பில் ஒரு படி வந்தது.

அதை மேசை மேல் வைத்து, குனிந்து நேராகப் பார்த்தாள். முன்பக்கப் படம் சரி. பிறகு நாற்காலியில் ஏறி நின்று மேலிருந்து பார்த்தாள்.

"அம்மா! சீக்கிரம் வா! நீயும் ஏறு!"

"விளையாடுற நேரமாடி இது?" என்றபடியே அம்மா ஏறினார்.

"ஒரு கண்ணை மூடிக்கோ. என்ன தெரியுது?"

"கட்டம் தெரியுது. நடுவுல ஒரு கோடு..." அம்மா சட்டென்று நிறுத்தினார். மூடிய கண்ணும் திறந்துகொண்டது. "அடியே! அது கோடு இல்லடி! மேல் படியோட விளிம்பு!"

இருவரும் நாற்காலியிலிருந்து விழாதது பெரிய விஷயம்.

சற்று நேரத்தில், சட்டை துவைக்கச் சோப்பைத் தேடி வந்த அப்பாவின் குரல் கேட்டது. "சோப்புல யாரு படிக்கட்டு கட்டினது? எறும்பு மாடிக்குப் போகவா?"

அன்றிலிருந்து தினமும் சோப்புச் செதுக்கல்தான். சரிவு, பள்ளம், துளை என்று அம்மா ஒவ்வொன்றாகச் செய்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து வரைந்தார்.

"இது ஏம்மா விட்டு விட்டுப் போட்ட கோடு?" என்று கேட்டாள் குண்டூசி.

"இந்தத் துளை உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்குல்ல? ஒளிஞ்சிருக்கிறதுக்கு அப்படித்தான் போடணும்."

குண்டூசி வாயைப் பிளந்தாள். கண்ணுக்குத் தெரியாததற்குக்கூடக் கோடு வைத்திருக்கிறார்களே!

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மாலை வேலை. அதனால் குண்டூசியும் வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பாவாடைப் பையில் ஒரு சோப்புத் துண்டு இருந்தது.

கேள்வித்தாள் வந்தது. எல்லாரும் மளமளவென்று தொடங்கினார்கள். அம்மாவின் பென்சில் மட்டும் அசையவில்லை.

குண்டூசி பெஞ்சின் நுனிக்கு வந்தாள். பரீட்சையில் சோப்பைச் செதுக்க விடமாட்டார்களே! ஓடிப்போய் இதைக் கொடுத்துவிடலாமா? பைக்குள் கை போனது.

அப்போது அம்மாவின் இடது கையைப் பார்த்தாள். எதையோ பிடித்திருப்பது போல விரல்கள் வளைந்திருந்தன. அந்தக் கை மெல்லத் திரும்பியது. அம்மா தலையைச் சாய்த்து, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தார். அடியிலும் பார்த்தார்.

கையில் ஒன்றுமே இல்லை.

குண்டூசி சோப்பைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அம்மாவின் பென்சில் உருளத் தொடங்கியது.

நேரம் முடிந்ததும் ஆசிரியை ஒவ்வொரு மேசையாக வந்தார். அம்மாவின் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேள்வித்தாளில் விட்டு விட்டுப் போட்டிருந்த கோட்டைத் தொட்டு, "இது எங்கேருந்து வந்தது, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"அடியில ஒரு பள்ளம் ஓடுது மேடம். மேலேர்ந்து பாத்தா தெரியாது. அது இருக்குன்னு நமக்குச் சொல்றாங்க."

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் இங்க வாங்க! உருவமும் சரி, கோடும் சரி. கோடுன்னா இப்படி இருக்கணும்!"

இளைஞர்கள் மேசையைச் சுற்றி எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, எப்படிக்கா இவ்ளோ சீரா போடுறீங்க?" என்று ஒருவன் கேட்டான். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே பென்சிலை உருட்டிக் காட்டினார். கடைசி பெஞ்சில் குண்டூசிக்கு உட்காரவே முடியவில்லை.

வெளியே வந்ததும் அம்மா ஒரு கடையின் முன்னால் நின்றார். கீழே அகலமாகவும் மாடியில் குறுகலாகவும் கட்டிய கடை அது.

"இதை மேலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும், சொல்லு?"

"பெரிய கட்டத்துக்குள்ள சின்னக் கட்டம்!"

"தண்ணித் தொட்டியை விட்டுட்டியே?"

"அட, ஆமா! ஒரு வட்டம்!"

அடுத்த கட்டடத்தின் முன்னால் குண்டூசி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதற்கடுத்ததில் அம்மா நிறுத்தினார். வீடு பக்கத்தில்தான். ஆனாலும் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. தெருவில் அத்தனை கட்டடங்கள் இருந்தன!