நரம்புக்குள் குடியிருப்பவை

எத்தனை முறை சோப்புப் போட்டும் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. கசக்கிய எலுமிச்சை இலையின் வாடை. விஜயசங்கர் இன்று தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

வடகரையில் விடிந்ததிலிருந்தே சாரல். மனைவியும் சின்ன மகள் அபர்ணாவும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். ஓட்டுக் கூரையில் தூறல் இறங்கும் சத்தமும், வேலிக்கு அப்பால் உலகம்மை தன் எலுமிச்சை மரங்களை வெட்டும் சத்தமும், பச்சை விறகின் புகையும் ஜன்னல் வழியே ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

புருஷனை இழந்த அவள் தன் நிலத்தை அவனுக்கு விற்க மறுத்துவிட்டாள். அந்த ஆத்திரத்தில், போன வருஷம் நோய்கண்ட மரத்தின் மொட்டு ஒன்றைச் சீவி, அவள் மரத்தின் பட்டையைக் கீறி உள்ளே செருகிக் கட்டியவன் அவன்தான். மீதியை, மரத்துக்கு மரம் சாறு குடித்து நோயைக் கடத்தும் பூச்சிகள் பார்த்துக்கொண்டன. இலை நரம்புக்குள் குடியேறும் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காது, வெட்டி எரிப்பதுதான் வழி என்று விவசாய அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காலையில் உலகம்மை வேலியோரம் வந்து, மிஞ்சிய நல்ல பழங்களை நீட்டினாள்.

"பாப்பாவுக்கு ஜூஸ் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. இந்த நோவு எங்கன இருந்து வந்துச்சுன்னுதான் தெரியல. ஒங்களுக்கு எதும் தெரியுமா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடவுள் அவனுக்காகவே திறந்துவைத்த கதவு அது.

"மண்ணு சரியில்லம்மா" என்று பழங்களை வாங்கிக்கொண்டான்.

அப்போதிருந்துதான் இந்த வாடை.

கையைத் துடைத்தான். உள்ளங்கையில், நோய்கண்ட இலையில் இருப்பதுபோலவே மஞ்சள் திட்டு. ஒருபுறம் பெரிது, மறுபுறம் சிறிது, நடுவே நரம்பு மட்டும் பச்சை. பார்க்கப் பார்க்க முழங்கைவரை ஏறியது. தோலுக்கடியில் கோடிக்கணக்கில் ஏதோ நகர்ந்தன, புதுவீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறவர்களைப்போல நிதானமாக.

சொல்லிவிட வேண்டும். இப்போதே.

முற்றத்தில் இறங்கினான். ஈரமண்ணில் கால் பதிந்தது. இழுத்தான். வரவில்லை. பாதத்துக்குக் கீழே என்னவோ ஆழமாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். இலை உரசும் ஓசைதான் வந்தது.

கோடாரிச் சத்தம் நின்றது. உலகம்மை இந்தப் பக்கம் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. மறுபடி குனிந்து வெட்டத் தொடங்கினாள்.

பூச்சிகள் வந்தன. தலை தாழ்த்தி, வால் தூக்கி, அவன் கை நரம்போடு வரிசையாய் உட்கார்ந்தன. குடித்தன.

வாசலில் ஆட்டோ நின்றது. ஈரத்தலையோடு அபர்ணா குதித்து இறங்கினாள்.

"அப்பா, அருவில தண்ணி எப்பிடி கொட்டுது தெரியுமா!"

வராதே.

ஓடிவந்தாள்.

வராதே.

கண்ணை மூடிக்கொண்டு அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். பூச்சிகள் ஒவ்வொன்றாய் எழுந்து, அவளுடைய ஈரக் கழுத்தில், மெதுவாய்த் தலை தாழ்த்தி அமர்ந்தன.