ஐந்து வாரத்து ஊதாக் கறை

அழைப்பு மணி மூன்று முறை அடித்தது. நான்காவது முறைக்கும் அந்தப் பெண்ணின் கை உயர்ந்தபோது கொழுந்தன் கதவைத் திறந்தார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற தன் அண்ணியைத் தேடி யாராவது பிரச்சினையோடு வந்துவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வந்தவளுக்கும் அன்று அதே கதிதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு என் தங்கச்சியோட பெருங்குடலை எடுத்துடப் போறாங்க," என்றாள். "அவளுக்கு வயசு இருபத்தாறு. நான் செய்யற மருந்து வேலை செய்யலைன்னு சொல்லித்தான் எடுக்கறாங்க. ஆனா மருந்து நல்லாத்தான் இருக்கு, மேடம். நடுவுல யாரோ கை வைக்கறாங்க."

ஆய்வாளர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "முதல்லேர்ந்து சொல்லும்மா. தம்பி, நீங்க காலை ஆட்டாம உட்காருங்க."

அவள் ஆராய்ச்சிக்கூடத்து வேதியியலாளர். தங்கைக்கு வந்திருந்தது பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும் நோய். நாளுக்குப் பதினைந்து தடவை ரத்தத்தோடு கழிவறைக்கு ஓட வைத்துவிடும். மாத்திரைக்கு மசியாத பதினொரு பேருக்குப் புதிய சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தங்கத் துகள்கள், நானோ துகள்கள், மிதக்கும் கரைசல் அது. எனிமாவாக ஏற்றினால் துகள்கள் புண்ணில் போய் ஒட்டி வீக்கத்தை அடக்கும். முதல் ஆறு வாரம் பதினொரு பேருமே தேறினார்கள். பிறகு ஐந்து வாரமாக அத்தனை பேரும் பழையபடி சரிந்துகொண்டிருந்தார்கள்.

"தங்கமா!" கொழுந்தன் துள்ளி எழுந்தார். "அண்ணி, இது திருட்டுக் கேஸ்!"

"மொத்த மருந்தையும் வடிகட்டினாலும் ஒரு கம்மல் திருகாணிக்குக் காணாது தம்பி." ஆய்வாளர் அவளிடம் திரும்பினார். "மருந்து நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றே?"

"வார்டுல மீந்து திரும்பி வந்த குப்பிகளை நானே டெஸ்ட் பண்ணினேன். சீல் உடையலை. துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியாத்தான் நிக்குது."

"வார்டுக்குப் போய்ப் பார்த்தியா?"

அவள் முகம் வாடியது. "போகக் கூடாது. மருந்து செய்யற அக்கா பக்கத்துல இருந்தா ரிசல்ட்டை யாரும் நம்ப மாட்டாங்கன்னு தலைமை டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார். பதினொரு வாரமா போன்லதான் பேசறேன்."

"அஞ்சு வாரத்துக்கு முன்னாடி எது மாறிச்சு?"

"எதுவும் மாறலையே. பெட்டி கனமா இருக்குன்னு, கலந்து அனுப்பின மருந்தை இப்பக் கெட்டியா, சின்னக் குப்பியில அனுப்பறோம். அவ்வளவுதான். ஐம்பது மில்லியா நீர்த்துக் குடுக்கணும்னு அட்டையில எழுதியிருக்கேன்."

ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்வாளர் எதையும் தொடவில்லை. பழுப்புக் குப்பிகள் அடுக்கிய குளிர்பெட்டியைப் பார்த்தார். வேதியியலாளரின் வெள்ளை அங்கியைச் சற்றுக் கூடுதல் நேரம் பார்த்தார். அதன் கைமடிப்பில் பீட்ரூட் சாறு தெறித்தாற்போலச் சிவப்புத் திட்டு இருந்தது. கொழுந்தனும் அதைப் பார்த்தார். துவைத்திருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அவருடைய சந்தேகமெல்லாம் பெட்டிக்காரர் மேல். வாரந்தோறும் மருந்துப் பெட்டியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறவர் அவர்தான். இருபது நிமிடத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கையெழுத்துப் புத்தகம் சொன்னது. கொழுந்தன் அவரை ஆஸ்பத்திரிப் பின்வாசலில் மடக்கிப் பிடித்து, மூச்சு வாங்க அண்ணியிடம் கூட்டி வந்தார்.

"அந்த நாப்பது நிமிஷம் எங்கய்யா போறீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

பெட்டிக்காரர் நெளிந்தார். "என் வீட்டுக்காரி இங்க லாண்டரியில வேலை பார்க்கறா சார். சேர்ந்து சாப்பிடுவோம். பெட்டியைப் பூட்டிப் பக்கத்துலயேதான் வெச்சிருப்பேன். சூடு காட்டற கருவி உள்ளேயே இருக்கு, பார்த்துக்குங்க."

பார்த்தார்கள். ஐந்து வாரமும் குளிர் இம்மி பிசகவில்லை. கொழுந்தனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "சாப்பிட்டுட்டு வேற என்ன செய்வீங்க?" என்றார், விட மனமில்லாமல்.

"அவ புலம்பலைக் கேப்பேன், வேற என்ன? இந்த வார்டுத் துணியில அஞ்சு வாரமா ஊதாக் கறை, எந்தச் சோப்புக்கும் போக மாட்டேங்குதாம்."

"சரி, போங்க," என்றார் கொழுந்தன்.

"இருங்க," என்றார் ஆய்வாளர். "ஊதாவா? நல்லாத் தெரியுமா?"

"கத்தரிப்பூ நிறம்மா. நானே பார்த்திருக்கேன்."

மூன்று மணிக்குத் தலைமை டாக்டரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். இருபது வருட அனுபவமுள்ள ஹெட் நர்ஸ், தன்னையே சந்தேகப்படுகிறார்கள் என்று விறைப்பாக நின்றார். வேதியியலாளர் விரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள். பெட்டிக்காரர் கதவோரம் ஒண்டினார். கொழுந்தனின் கால் தன் பாட்டுக்கு ஆடியது. நாளைக் காலைக்கு இன்னும் பதினாறு மணி நேரம்தான்.

ஆய்வாளர் மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களையும் இரண்டு குப்பிகளையும் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் இதைத் தினமும் எப்படிக் கலப்பீங்களோ அப்படியே கலந்து காட்டுங்க. பேச வேண்டாம்."

வேதியியலாளர் ஒரு டம்ளரில் குப்பி மருந்தை விட்டு, தன் பையிலிருந்து காய்ச்சி வடித்த நீரை எடுத்து ஊற்றினாள். டம்ளர் பளிச்சென்று சிவந்தது. ஹெட் நர்ஸ் மற்ற டம்ளரில் மருந்தை விட்டு, தான் கொண்டுவந்த தட்டிலிருந்து சலைன் பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். சிவப்பு ஒரு கணம் மங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் ஊதாவானது.

"ஐயோ! உப்பா?" வேதியியலாளர் அலறிவிட்டாள். "உப்பு பட்டா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். அப்புறம் அது எங்கேயும் போய் ஒட்டாது, அடியில தங்கிடும்!"

"குடலுக்குள்ளயும் உப்பு இருக்கேம்மா?" என்றார் டாக்டர்.

"அங்க கோழை இருக்கு சார். போனதும் துகளைப் போர்த்திக் காப்பாத்திடும். அதுக்கு முன்னாடி உப்பு படக் கூடாது."

"உன் அங்கியில சிவப்புக் கறை, வார்டுத் துணியில ஊதாக் கறை," என்றார் ஆய்வாளர். "ஒரே மருந்துக்கு ரெண்டு நிறம் எப்படி வரும்? வழியில யாரும் தொடலைன்னு பெட்டி சொல்லுது. அப்ப, கலக்கற இடத்துலதான் மாறியிருக்கணும். அட்டையில நீர்க்கணும்னு இருக்கு, எதுலன்னு இல்லை. லேப்ல நீர்க்கறதுன்னா வடிச்ச தண்ணி. வார்டுல சலைன். ரெண்டு பேருக்கும் அதைக் கேக்கணும்னே தோணலை."

ஹெட் நர்ஸின் விறைப்பு உடைந்தது. "உள்ள போறதுக்கு வெறும் தண்ணி கூடாதுன்னுதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க? முன்னாடி பழுப்புப் பாட்டில், நிறமே தெரியாது. கலந்தா ஊதாவாகறதுதான் இந்த மருந்தோட குணம்னு நினைச்சேன். பதினொரு பேரை நானே கெடுத்துட்டேனே!"

"எழுத மறந்தவ நான், சிஸ்டர்," என்றாள் வேதியியலாளர். இருவரும் ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் தொலைபேசியை எடுத்தார். "நாளைக்கு ஏழு மணி ஆபரேஷனை ரெண்டு வாரம் தள்ளுங்க. அந்தப் பொண்ணு உடம்பு அதுவரைக்கும் தாங்கும்." வைத்துவிட்டு, வேதியியலாளரிடம் சிவப்பு டம்ளரைக் காட்டினார். "நீயே எடுத்துட்டுப் போம்மா. நான் போட்ட தடை இன்னியோட சரி."

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாய் இருந்தாள். காலடி கேட்டுத் திரும்பியவள் நம்பாமல் பார்த்தாள். "அக்கா? உன்னை விட மாட்டாங்களே?"

"இன்னிக்கு விட்டாங்க."

தங்கையின் பார்வை டம்ளருக்குப் போனது. "இது என்ன சிவப்பா இருக்கு? எப்பவும் ஊதாதானே?"

வாசலில் நின்ற கொழுந்தனின் கால் சட்டென்று ஆடாமல் நின்றது. அக்கா டம்ளரைக் கட்டிலோர மேஜைமேல் வைத்தாள்.

"தினம் போன்ல பேசினோமே. இதை ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"நீதானேக்கா செஞ்சே," என்றாள் தங்கை. "உனக்குத் தெரியாம இருக்குமான்னு இருந்துட்டேன்."