எடுத்துத் தரமாட்டேன்!

குளிர்காலம் வந்தாலே பெரியம்மாவின் முழங்கால்கள் முரண்டு பிடிக்கும். இந்த வருடம் ரொம்பவே அடம். தையல்கடையைப் பூட்டிவிட்டு, தங்கை வீட்டு சோபாவில் கம்பளியும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வீட்டில் பெரியம்மா என்றால் எல்லோருக்கும் உயிர். அவர் லேசாக அசைந்தாலே போதும். "அக்கா, நீ எழுந்திரிக்காதே!" என்று அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருவார். அதற்குள் மகள் வாலு முந்திக்கொள்வாள். அவளுக்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு, பள்ளிக்கூடத்தில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தண்ணீரா? வாலு. மூக்குக் கண்ணாடியா? வாலு.

"உட்கார்ந்தே இருக்காதீங்க. காலைச் சூடா வெச்சுக்கிட்டு, வீட்டுக்குள்ளயே அடிக்கடி நடங்க. சுருக்குன்னு வலிச்சா மட்டும் நிறுத்திடுங்க" என்று பிசியோதெரபி அக்கா சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அவர் வாசலைத் தாண்டியதும் அம்மா இன்னொரு தலையணை கொண்டுவந்து பெரியம்மாவின் காலடியில் வைத்தார்.

ஒருநாள் கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் போன் செய்தார்.

"கடை பூட்டியே கிடக்கும்மா. செல்போன் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் கேக்கறார். மாசக் கடைசிக்குள்ள திறக்கறீங்களா, அவருக்கு விட்டுடட்டுமா?"

கடை இருப்பது மாடியில். லிஃப்ட் கிடையாது.

"குடுத்துடலாம்டி. அந்தப் படி ஏற என்னால ஆகாது" என்று பெரியம்மா தங்கையிடம் சொன்னார். கத்தரிக்கோலும் கையுமாக இல்லாத பெரியம்மாவை வாலுவால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சாவியை நீட்டினார். "தையல் மிஷினைக் கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க. குளிர்ல சும்மா கிடந்தா இறுகிடும். விக்கறதுன்னாலும் ஓடணுமில்ல?"

அம்மாவும் வாலுவும் கடைக்குப் போனார்கள். வாலுதான் சக்கரத்தைச் சுற்றினாள். முதலில் அது முக்கி முனகியது. எண்ணெய் விட்டு மெதுவாகச் சுற்றச் சுற்ற, கடகடவென்று ஓட ஆரம்பித்தது. வாலு சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா! மிஷினுக்கு ஒரு நியாயம், முட்டிக்கு ஒரு நியாயமா?"

"என்னடி உளர்றே?" என்றார் அம்மா.

அன்று மாலை பெரியம்மா, "வாலு, அந்த ஊசி டப்பாவை எடும்மா" என்றார்.

"எடுத்துத் தரமாட்டேன்."

அம்மா அதிர்ந்துபோனார். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது? திமிரா?"

பெரியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "விடு, திட்டாதே. நான்தான் எல்லாருக்கும் பாரமாயிட்டேன்."

வாலுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, இல்ல பெரியம்மா! ஓடி ஓடி எடுத்துக் குடுத்து, நாங்கதான் உங்களை எழுந்திரிக்கவே விடல. அதுல நான்தான் ரொம்ப மோசம். இனிமே எடுத்துத் தரமாட்டேன். கூட வர்றேன்."

அவள் கையை நீட்டினாள். பெரியம்மா கம்பளியை விலக்கினார். பிறகு, "ராட்சசி" என்று முனகிக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து எழுந்தார்.

டப்பா பக்கத்து அறையில்தான் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பெரியம்மா குளிரைத் திட்டினார், தரையைத் திட்டினார், டப்பாவை அங்கே வைத்தவரையும் திட்டினார். வைத்தவர் அம்மா.

அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் இருவரும் சமையலறைக்குப் போனார்கள். தபால் வந்தால் வாசலுக்குப் போனார்கள். வலி அதிகமான நாட்களில் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மாவுக்குத்தான் பாவம், சும்மா இருக்கக் கை வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பழகினார். நடை வீட்டைச் சுற்றி வந்தது, பிறகு தெருமுனைவரை போனது.

மாதக் கடைசி சனிக்கிழமை பெரியம்மா கம்பளி முழங்கால் உறையை மாட்டிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்தபடி, நின்று நின்று படியேறினார். வாலு பின்னாலேயே வந்தாள், தொடவில்லை. பெரியம்மா கடையைத் திறந்து தூசி தட்டி மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது. "மேல யாருங்க? நான் செல்போன் ரிப்பேர் பண்றவன். கடையை அளந்து பார்க்க வந்தேன்!"

ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ப் பதில் சொல்ல வாலுவின் கால்கள் துறுதுறுத்தன. ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியம்மா எழுந்து படிக்கட்டுக்கு வந்தார். "அங்கேயே இருங்க தம்பி. கடை காலியில்லைன்னு நானே கீழ வந்து சொல்றேன்."