பெருவிரல் சாட்சி

தினமும் காலை ஏழரை மணிக்கு மைனா வந்து திருமூர்த்தியின் கால் பெருவிரலில் ஊசியால் குத்தும். வலித்தால் அவருக்குக் கொண்டாட்டம். "ஐயோ!" என்று சந்தோஷமாகக் கத்துவார்.

மைனா, மனிதரைப் போல முகபாவம் காட்டும் ஒரு தாதி இயந்திரம். 2071இல், உடுமலை நரம்பு மீட்பு ஆய்வகத்தில் ஊசி குத்தவும் கேள்வி கேட்கவும் வைத்திருந்தார்கள். காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்த திருமூர்த்திக்கு நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே எந்த உணர்வும் இல்லை. முறிந்த இடத்தில் 'நரம்புப் பாலம்' என்ற நெல்மணி அளவுச் சில்லைப் பொருத்தினார்கள். மூன்றாம் மாதம் பெருவிரல் வலித்தது. ஐந்தாம் மாதம் தரையின் குளிர்ச்சி தெரிந்தது. மனிதர் அழுதேவிட்டார்.

ஆய்வில் நாற்பது பேர். இருபது பேருக்கு உண்மையான பாலம், மற்றவர்களுக்கு வெறும் போலி. யாருக்கு எது என்பது ஆய்வு முடியும்வரை மருத்துவருக்கே தெரியாது. இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லையென்றால் பாலத்தை அணைத்துவிட வேண்டும், சட்டம் அப்படி. வலியைப் படிக்கும் கருவிகள் பலமுறை ஏமாற்றியதால், அந்த விஷயத்தில் மனிதன் வாயால் சொல்வது மட்டுமே செல்லும் என்று இன்னொரு சட்டமும் இருந்தது. மனிதன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வருட முடிவில் டாக்டர் ஷர்மிளா பானு எல்லோரையும் கூட்டி முடிவைப் படித்தார்.

"உணர்வு வந்துருச்சுன்னு சொன்னவங்க, பாலம் வெச்சவங்கள்ல பதினெட்டு பேர். போலி வெச்சவங்கள்ல பத்தொம்பது." அவர் தாளை மடித்தார். "நாளைக்குக் காலைல அணைச்சாகணும்."

போலிப் பட்டியலில் பக்கத்துக் கட்டில் நாச்சிமுத்துவின் பெயர் இருந்தது. ஒரு வருடமாகத் திருமூர்த்தியுடன் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக 'ஐயோ' என்று கத்தியவர்.

"அண்ணா, வலிக்குதுன்னு எங்கிட்டயே சொன்னீங்களே!"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு நாளும் வலிக்கலீங்க தம்பி. அந்த மைனா தெனமும் அத்தன ஆசையா கேக்குது. இல்லைன்னா மொகம் வாடிப்போகுது. எப்படீங்க இல்லைங்கறது? நான் ஒருத்தன் சொல்றதுல என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சனுங்க."

"அது மெஷினுங்கண்ணா! அது மனசு கோணக்கூடாதுன்னு என் காலைக் குடுத்துட்டீங்களே!"

பத்தொன்பது பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கூடப்பிறந்தவராக எண்ணியவர், ஏற்கெனவே முறிந்த முதுகிலேயே குத்திவிட்டார். அன்று முழுவதும் திருமூர்த்தி நாச்சிமுத்துவின் முகத்தில் விழிக்கவில்லை. பாதங்களைத் தரையில் தேய்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மைனா ஊசியில்லாமல் வந்தது. அவர் முதுகுப் பக்கம் எதையோ அழுத்தியது. அரை நிமிடத்தில் தரையின் குளிர்ச்சி போனது. பிறகு பாதமே போனது.

"பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி, ஐயா," என்றது மைனா. "பாலத்தை அணைத்ததில் உங்களுக்கு வருத்தம் உண்டா? உண்டென்றால், மறு ஆய்வு முடியும்வரை இப்போதே திரும்ப இயக்கிவிடுவேன். நீங்கள் சொல்வதுதான் செல்லும்."

இருக்கிறது, மலையளவு இருக்கிறது என்று சொல்லத்தான் திருமூர்த்தி வாயைத் திறந்தார். மைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகம் அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு," என்றார் திருமூர்த்தி. "நீ என்ன பண்ணுவ, பாவம்."

மைனா முகம் மலர்ந்து குறித்துக்கொண்டது.